மலைக் கக்கூஸின் சாவி

மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிறவர்களே, நம் தொழிலில் வாய் மட்டும்தான் வாடகைக்குப் போகும், வயிற்றெரிச்சல் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருக்கிறேன். தேயிலை வாங்கும் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி, தோட்டங்களில் மனித உரிமையை மதிக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பும்போதெல்லாம், பேச்சை மாற்றிச் சொல்ல நானும் கூடப் போவேன். இரண்டு பேருக்கு நடுவில் நின்று முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

புதுப் போத்தல்

முதல் தடவை நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் ஒரு தோட்டம். கம்பெனியின் மனித உரிமைப் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்கார அம்மா. நல்ல மனுஷி, பொய் சொல்லக் கூடாது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த செல்வராணியிடம், குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கிடைக்கிறது என்றாள் செல்வராணி. கம்பெனி பெயர் போட்ட புதுப் போத்தல் அவள் இடுப்பில் தொங்கியது. மூடியைத் திருகின அடையாளமே இல்லை.

ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். மலையில் வேலையை மேய்க்கிற கண்டாக்கு ஐயா தூரத்தில்தான் நிற்கிறார் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"குடிச்சா எங்க மிஸ் போறது? கீழ லயத்து வீட்டுக்கு எறங்கி ஏறுறதுக்குள்ள கொழுந்து நிறுத்து முடிச்சிருவாங்க. செடிக்குள்ள ஒதுங்கினா மேல ரோட்டுல போற வேன்காரனெல்லாம் பாப்பான். காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

தாம்பாளம்

நான் மாற்றிச் சொன்னதை அந்த அம்மா கேட்டுக் கலங்கிப்போய், மலையிலேயே கக்கூஸ் கட்ட வைத்தார். டைல்ஸ், குழாய், இரும்புக் கதவு எல்லாம் ஜோர். திறப்பு விழாவுக்குத் தப்பு மேளம், சந்தனம், மாலை. நம் ஆட்களுக்கு மரியாதை செய்வதில் குறை வைக்கத் தெரியுமா? அம்மா திறந்து பார்த்தார், படம் எடுத்தார்கள். விருந்தாளிகள் போகும்வரை யாரும் அழுக்காக்கக் கூடாது என்று தோட்டத்து மேனேஜர் தொரை மறுபடி பூட்டச் சொன்னார்.

புறப்படும் நேரம், தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவர் அந்தச் சாவிக்குக் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலையோடு நீட்டினார். அம்மா தொட்டுக் கும்பிட்டுத் திருப்பித் தருவார் என்பது அவர் கணக்கு. அம்மாவோ நினைவுப் பரிசு என்று நினைத்து, நெஞ்சில் அணைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். அத்தனை சனமும் வேனுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் ஐயா கேட்கவில்லை என்று தலைவரைப் பிடித்தேன்.

"வச்ச மரியாதைய எப்பிடிங்க மிஸ் திருப்பிக் கேக்குறது?"

பூட்டு

அடுத்த முறை போனபோதும் கதவு பூட்டித்தான் கிடந்தது. மாற்றுச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உடைக்க வேண்டியதுதானே என்றால், கம்பெனிச் சொத்தில் கை வைத்தால் வேலை போய்விடும் என்கிறார் கண்டாக்கு. தொரை, கொழும்பிலிருந்து உத்தரவு வரட்டும் என்கிறார். அடச்சீ, ஒரு பூட்டுக்கு இவ்வளவா! நானே கொழும்பு அதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார்.

"மேடம் அதை எவ்வளவு ஆசையாகக் கொண்டுபோனார் தெரியுமா? திருப்பிக் கேட்டால் அவரை அவமதித்த மாதிரி ஆகிவிடாதா?"

வார்டு

மழை தொடங்கிய நாட்களில் செல்வராணி மலையிலேயே சுருண்டு விழுந்தாள். டாக்டருக்குத் தமிழ் வராது என்று அவள் மகள் என்னைக் கூப்பிட்டாள். சிறுநீரை அடக்கி அடக்கி, தண்ணீரும் குடிக்காமல், கிருமி ஏறி இரண்டு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். இனி முழுசாகக் குணமாகாதாம். இப்போதைக்குத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம் என்பதை மட்டும் முதலில் சொன்னேன். செல்வராணி வார்டின் கோடியை எட்டிப் பார்த்தாள்.

"இங்க கக்கூஸ் பூட்டலதானே மிஸ்? அப்பன்னா குடிக்கிறேன்."

சுவர்

பிறகு கம்பெனி, பாதிக்கப்பட்டவரின் குறையை நேரில் கேட்பதாகச் சொல்லி, வீடியோவில் ஒரு கூட்டம் வைத்தது. தோட்டத்து ஆபீசில், வீங்கிய முகத்தோடு மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள் செல்வராணி. திரையில் அதே அம்மா. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம், அதற்குள் குங்குமப் பொட்டோடு நம்ம சாவி! உங்கள் உரிமையை மதிக்கக் கம்பெனி இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா உருக்கமாகக் கேட்டார். செல்வராணி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னதை, ஒரு சொல் விடாமல் நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அந்தச் சாவிய அனுப்பி வைக்கச் சொல்லுங்க மிஸ். எனக்கு இனிமே வேணாம், அடுத்த மாசம் எம் மக கொழுந்தெடுக்கப் பேர் பதியிறா."

எங்கள் உரிமையைக் கம்பெனி மதிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, கண்ணாடி போட்டல்லவா சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.