ஒருவேளைச் சாப்பாடும் பித்தக்கல்லும்

மலாய் நாட்டில், கம்போங் செட்டி என்கிற பழைய தமிழ்க் குடியிருப்பில் எங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்த அம்மாள் நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், வாசலில் மாவிலை கட்டுவார். ஆனால் தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம், தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. தினமும் காலையில் வேலிக்கு அப்பாலிருந்து, "சுடா மக்கான்?" என்று மலாயில் கேட்பார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். என் மனைவி செல்லம், "சுடா, சுடா" என்பாள். சாப்பிட்டிருக்க மாட்டாள்.

எங்கள் மூத்த மகன் மட்டும் ஊரில் என் அண்ணன் வீட்டில் இருந்தான். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவனை அழைத்துக்கொள்ளக் கேட்ட பெர்மிட் வரவேயில்லை. அது வரும்வரை பொழுது சாய்ந்து ஒருவேளைதான் சாப்பிடுவது என்று செல்லம் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். வெளியே சொன்னால் நேர்த்தி பலிக்காது என்று என் வாயையும் கட்டிவிட்டாள். பகலெல்லாம் வெறும் கோப்பி. சாயந்தரம் தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றி வயிறு முட்டச் சாப்பிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது விலாவின் கீழே வலி பிடித்துத் துடித்தாள். வலி முதுகுக்கு ஏறியது. குளிர்காய்ச்சல் வந்தது. கண்கள் மஞ்சளாயின. ஆஸ்பத்திரியில் டாக்டர், வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று மலாயில் கேட்டார். கட்டிலிலிருந்து செல்லம் என்னையே பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, மூன்று வேளையும் என்றேன்.

கூட வந்த வீட்டுக்கார அம்மாள் மலாயில் பொரிந்து தள்ளினார். "பொய்! இந்த ஆளைக் கேக்காதீங்க டாக்டர். நான் குடுக்குற பலகாரத்தை எல்லாம் என் கோழிங்களுக்கே போடுறா. கோழிதான் கொழுத்துக் கிடக்கு!"

"உண்மையா?" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். செல்லம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உண்மைதான்" என்றேன்.

பித்தப்பையில் கல். டாக்டர் சொன்னதை இதை வாசிக்கிற உங்களுக்கும் எழுதுகிறேன், நம் பெண்கள் விரதம் இருக்கிறவர்கள். நாற்பது வயது, மூன்று பிரசவம், கனத்த உடம்பு என்றாலே இதற்கு இடமுண்டாம். அதோடு நாள் முழுதும் பட்டினி கிடந்தால் பித்தம் பையிலேயே தேங்கிக் கெட்டிப்படும். பிறகு கொழுப்பான சாப்பாடு உள்ளே போனதும் பை சுருங்கும், கல் வழியை அடைக்கும். வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிட வேண்டும், காய்கறி கூட வேண்டும், உடம்பை மெல்ல மெல்லத்தான் இளைக்க வைக்க வேண்டும். இருக்கிற கல் இதனால் கரையாது, மறுபடி வலித்தால் அறுக்கத்தான் வேண்டும் என்றார்.

காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "எம்புள்ள வராமப் போனா உங்க வாய்தான் காரணம்" என்றாள்.

"நீ போயிட்டா அவன் யாரைப் பாக்க வருவான்?" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளாகவே தட்டின் முன் உட்கார்ந்தாள். இடியாப்பத்தைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"அங்க இன்னும் விடிஞ்சிருக்காதுல்ல?"

"இல்ல."

"புள்ள வெறும் வயித்தோட தூங்கிட்டிருப்பான்."

அவள் கை அப்படியே நின்றது. ஊரில் இருட்டு. இங்கே வெயில் தட்டில் விழுந்திருந்தது. அவள் மென்று விழுங்கும்வரை நான் மூச்சு விடவில்லை.