எர்த்து சின்னத்துரை

வந்தவர் கோளாறு இன்னதென்று சொல்லி முடிப்பதற்குள் சின்னத்துரை குனிந்துவிடுவார். வண்டியின் அடிச்சட்டத்தில் ஓரிடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் சோதனை பல்பின் கொக்கியை அங்கே மாட்டுவார். "ஹாரன் அடிக்கலை அண்ணாச்சி" என்று வந்தவர் மறுபடியும் ஆரம்பிப்பார். "ஹாரன் கெடக்கு. மொதல்ல எர்த்தைப் பாப்போம்" என்று அடியிலிருந்து பதில் வரும். ஹாரனுக்கும் அதே பதில், வைப்பருக்கும் அதே பதில். பெரும்பாலும் கோளாறும் அங்கேயேதான் இருந்து தொலைக்கும். அப்போது அவர் முகத்தில் வரும் பெருமை இருக்கிறதே, பார்க்கச் சகிக்காது.

ராஜபாளையத்தில் தென்காசி சாலையோரம் தகரக் கூரை போட்ட ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை அவருடையது. விஷயம் தெரியாதவர்களுக்கு அவரே பாடம் நடத்துவார். பாட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்பு உடம்போடு கட்டியிருப்பார்கள். விளக்குக்குப் போன கரண்டு அந்த உடம்பு வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கட்டுக்குப் பெயர்தான் எர்த்து. "போறதுக்கு வழி எல்லாரும் போட்டுருவான். திரும்பி வர வழி இருக்கான்னு எவன் பாக்கான்?" என்பார். பக்கத்து பஞ்சர் கடை பால்ச்சாமிக்கு மூன்று நாளாகப் பசியில்லை என்றாலும், வேதக் கோவிலில் பாடகர் குழு சுதி விலகினாலும், அவருக்குக் காரணம் ஒன்றுதான்: "எங்கயோ எர்த்து விட்டிருக்கு." ஊர் அவருக்கு எர்த்து சின்னத்துரை என்றே பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமே கிடையாது.

ஸ்டூல் இருந்தாலும் உட்கார மாட்டார். செத்துப்போன லாரி பாட்டரி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல்தான் இருப்பார். காக்கிச் சட்டைப் பையில் ஈயப் பற்று தெறித்த பொட்டுப் பொட்டான ஓட்டைகள். ஒயரை மூக்கருகே வைத்து மோந்து, "இது நேத்து தீஞ்சது" என்று சொல்வார். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. டீ ஆறினால்தான் குடிப்பார்; ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

இந்த மனிதரிடம் ஒரு வீட்டு வண்டி இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி ஏலம் போட்ட, வெள்ளைக்காரர் நாட்டில் செய்த பழைய வேன். உள்ளே நோயாளிக்குப் போட்டிருந்த பலகையைக் கட்டிலாக்கினார். மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு தகரப் பெட்டி, தண்ணீருக்கு ஒரு பீப்பாய், மடக்குப் பலகை ஒன்று. மற்றதெல்லாம் அவர் மனைவி அன்னாளின் கைவேலை. அன்னாள் ஜாக்கெட் தைக்கிறவள். பூப்போட்ட துணியில் சுற்றிலும் திரை தைத்து மாட்டிவிட்டு, "வாடகை வீட்டுக்கு ஒத்தைச் சன்னல். இதுக்கு எம்புட்டுச் சன்னல் பாருங்க!" என்று சிறுபிள்ளை போலச் சிரித்தாளாம். பிள்ளைகள் இல்லாத வீடு. சனிக்கிழமை சாயங்காலம் கடையை அடைத்தால் செண்பகத்தோப்பு, மே மாதம் வந்தால் குற்றாலம், கன்னியாகுமரி என்று இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி அவள் உப்புமா கிண்டுவாள். அவர் டீயை ஆற வைப்பார்.

ஊர் வண்டிக்கெல்லாம் விளக்குப் போடுகிறவருடைய வண்டிக்குச் சிக்னல் விளக்கு சரியில்லை. இது கேலிக்கு இடமான சங்கதிதான்; ஊரும் விட்டுவைக்கவில்லை. குற்றம் அந்தக் காலத்து டைனமோவில். வண்டி ஓடினால் கரண்டு கொடுக்கும். திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தாலோ அது சோர்ந்துவிடும். பல்பு நன்றாக எரியவேண்டிய அந்த நேரம் பார்த்து அழுதுவடியும். பெரிய பல்பு போட்டால் பாட்டரி படுத்துக்கொள்ளும். வலது பக்கம் திரும்பினால் அவரே கையை வெளியே நீட்டிவிடுவார். இடது பக்கத்துக்கு? "அன்னா, கை!" என்பார். இடது சீட்டில் இருக்கும் அன்னாள் சன்னல் வழியே கையை நீட்டி ஆட்டுவாள். பதினைந்து வருஷம் அந்த வண்டியின் இடது சிக்னல் அவள் கைதான். அதனால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றியதே கிடையாது. மழை பெய்தால் அவளுடைய இடது தோள் நனையும். மடியில் ஒரு துண்டு வைத்திருப்பாள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழில் ஒரு நாள் அந்தி மங்கும் நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில் விலக்கில் வத்திராயிருப்புக்குத் திரும்புகிறார்கள். "அன்னா, கை!" அவள் நீட்டினாள். பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று இடது பக்கமாகவே முந்திக்கொண்டு வந்தது. கேன் அவள் மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்த பிறகும் இரண்டு விரல் முழுசாக மடங்கவில்லை. தையல் மிஷினில் துணியைத் தள்ள அவள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாமல், அவர் சீக்கிரமே கடைக்குப் போய்விடுவார்.

அன்னாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வண்டியில் ஏற மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். "நீங்க ஓட்டிட்டு வாங்க. நா பஸ்ல வாரேன்." வத்திராயிருப்பில் இருக்கிற தங்கை ஏசம்மாள் வீட்டுக்கு இப்படித்தான் இரண்டு மூன்று தடவை போனார்கள். முன்னால் பஸ், அதன் ஜன்னலோரத்தில் அன்னாள். பின்னால் பூப்போட்ட திரை ஆட, அவர் மட்டும் ஓட்டி வரும் வீட்டு வண்டி. "பின்னால வாரது அவிய வீட்டுக்காரர்தான்" என்று பஸ்ஸில் பேசிச் சிரித்தார்கள். அன்னாளும் சிரித்தாள். சின்னத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விலக்கில் திரும்பும்போது வாய் தன்னால் "அன்னா, கை!" என்றது. பக்கத்துச் சீட்டில் தூக்குச்சட்டிதான் இருந்தது. அவளை மறுபடி அந்தச் சீட்டில் ஏற்ற வேண்டும், அவள் கை இனிமேல் வெளியே போகக் கூடாது. இதைத் தவிர அவருக்கு வேறு யோசனை ஓடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ரேடியோ கடை வைத்திருக்கும் கருத்தையாவிடம் ஒரு நாள் கோவில் மைக் செட்டுக்குச் சாமான் வாங்கப் போனார். டேப் ரெக்கார்டரில் துள்ளுமே, அந்த எல்.இ.டி. விளக்கில் புது ரகம் வந்திருந்தது. தலை தண்ணீர் மாதிரி தெளிவு. எரிந்தால்தான் மஞ்சள் தெரியும். கருத்தையா ஒன்றை எரியவிட்டுக் காட்டியதும் சின்னத்துரை கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இது எம்புட்டுக் கரண்டு திங்கும்?" "எறும்புச் சாப்பாடு அண்ணாச்சி." வெறும் எறும்புச் சாப்பாட்டுக்கு இந்த வெளிச்சமா! டைனமோ சோர்ந்தால் என்ன, பாட்டரி ஒன்றே போதுமே. கடையிலிருந்ததை அப்படியே வாரிக்கொண்டு பஸ் ஏறினார்.

வட்டமாக அட்டை வெட்டி, விளக்குகளை நெருக்கமாகப் பற்றவைத்து, முன்னும் பின்னும் பழைய பல்பு இருந்த குழியில் பொருத்தினார். கறுப்பு ஒயரை வண்டியின் உடம்பில் முறுக்கினார். சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. அட்டையைக் கழற்றி வேறு அட்டை போட்டார். எரியவில்லை. விளக்கு அத்தனையும் செத்த சரக்கு என்று முடிவுகட்டி, அட்டைகளோடு மறுபடி பஸ் பிடித்துப் போய்க் கருத்தையாவிடம் சண்டை போட்டார். கருத்தையா மேசையிலிருந்த எலிமினேட்டரில், பாட்டரிக்குப் பதிலாகக் கரண்டு கொடுக்கும் அந்தப் பெட்டியில், ஒயரைத் தொட்டான். சனியன், எல்லாமே ஜோராக எரிந்தது. "சாமான் மேல குத்தமில்லை அண்ணாச்சி. ஒங்க வண்டியப் பாருங்க" என்றான். அவன் சிரிக்காமல் சொன்னதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டு வாசலில் வண்டியடியில் அவர் கிடந்து புலம்பிக்கொண்டிருந்தார். அன்னாள் காஜா எடுத்துக்கொண்டே நடையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்க்காரனுக்கெல்லாம் எர்த்தைப் பாரு, எர்த்தைப் பாருன்னு சொல்லுதீய. நம்ம வண்டிக்குப் பாத்தீயளா?"

"ஏட்டி, சும்மா கெட. நல்லாத் தேச்சு, இறுக்கி முறுக்கி..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அடியிலிருந்து நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "அடக் கடவுளே! இந்த வண்டிக்கு பிளஸ்ஸுல்லா எர்த்து!"

நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பாட்டரியின் மைனஸ்தான் உடம்போடு கட்டியிருக்கும். அந்தக் காலத்து இந்த வண்டியில் மட்டும் பிளஸ். பதினைந்து வருஷமாக அவரே பாட்டரி மாற்றுகிற வண்டிதான், தெரியாத சங்கதியா? பழைய பல்பு எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரிகிற சாது. அதனால் கைக்கு அது மறந்தே போனது. எல்.இ.டி. அப்படியில்லை. பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் எரியாது. எர்த்து சின்னத்துரை எர்த்தில் கவிழ்ந்தார் என்று பால்ச்சாமி தெரு முழுக்கச் சொன்னான். சொன்னால் சொல்லட்டும். ஒயரை மாற்றிக் கொடுத்தார்; பட்டப்பகலில் மஞ்சள் பிடித்து எரிந்தது.

எரிந்ததே தவிர, மினுக்கவில்லை. விடாமல் எரிந்தபடியே நின்றது. விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பிளாஷர் டப்பா. பல்புக்குப் போகும் கரண்டில் அது சூடேறினால்தான் டிக் டிக் என்று தட்டும். எறும்புச் சாப்பாட்டில் எங்கே சூடேறும்? ஒரு பகல் முழுக்கக் கவிழ்ந்த பாட்டரி மேல் உட்கார்ந்து யோசித்தார். டீ ஆறி, எறும்பே விழுந்துவிட்டது. கடைசியில், கழற்றிப் போட்ட பழைய பல்பைத் துடைத்து எடுத்தார். இடது சிக்னலோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் டப்பாவுக்குச் சூடு கிடைக்கும். எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் அவர் யோசிக்கவேயில்லை. உள்ளே, இடது கதவில், அன்னாளின் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகரக் குவளை அடித்து அதற்குள் வைத்தார். வலதுக்கு ஒன்று தன் பக்கம். டப்பா தட்டியது. முன்பைவிடக் கொஞ்சம் நிதானம்தான், ஆனாலும் தட்டியது.

"அன்னா, பின்னாடி போய் நின்னு பாரேன்."

அவள் வண்டிக்குப் பின்பக்கம் தெருவில் நடந்துகொண்டே போனாள். எங்கே நிற்பாள் என்று இவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயிலில் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு, தெருமுனைக் குழாயடி வரைக்கும் போய்விட்டாள். திரும்பி வந்து, "அங்கனருந்தும் தெரியுது" என்றாள். உள்ளே போய்விட்டாள். வண்டியில் ஏறுவாயா என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை.

அடுத்த சனிக்கிழமை ஏசம்மாளின் புது வீட்டுக்கு ஜெபம். சின்னத்துரை வேனைக் கிளப்பி வைத்துக்கொண்டு, அன்னாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதற்காகக் காத்திருந்தார். பஸ்ஸுக்குப் பின்னாலேயே போக வேண்டுமல்லவா! அவள் வாசலைப் பூட்டினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வேனைச் சுற்றி வந்து இடது கதவைத் திறந்து, சீட்டிலிருந்த தூக்குச்சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்ன பாக்கீய? ஜெபத்துக்கு நேரமாகலையா?" என்றாள். அவர் கியரைத் தப்பாகப் போட்டு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல இடது கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. அவளுடைய தோள் நனைந்தது. மடியில் வைக்கும் துண்டை எடுத்துவர மறந்திருந்தாள். கிருஷ்ணன்கோவில் விலக்கு வந்தது. பின்னால் ஒரு பஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னத்துரை சுவிட்சைத் தட்டினார். ஆனாலும் பழக்கம் விடுமா? வாய் முந்திக்கொண்டது.

"அன்னா, கை!"

அவள் கை சன்னல் வரைக்கும் போய்விட்டது. முழங்கைக்குப் பக்கத்தில் குவளைக்குள் பழைய பல்பு மினுக் மினுக்கென்று எரிந்து எரிந்து அணைந்தது. வெளியே நனைந்த தார் ரோட்டில் மஞ்சள் வெளிச்சம் விழுந்து விழுந்து மறைந்தது. பின்னால் வந்த பஸ் வேகம் குறைந்து, ஒதுங்கி வழிவிட்டது. அன்னாள் நீட்டப் போன கையை மடக்கிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பதினைந்து வருஷமாகச் சுற்றாத கைப்பிடி, முழுசாக மடங்காத இரண்டு விரல்; பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி, கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டாள்.