மூட்டம் பிடித்த நாற்பத்தெட்டு ஜன்னல்கள்

அடுத்தவர் பொருளை நன்றாக்கித் தருகிறேன் என்று வாங்கி, அதைக் கெடுத்துவிட்டால், உடையவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டுமா, சரிசெய்துவிட்டுச் சொன்னால் போதுமா? கீழ்வீட்டு அக்கா ஒரு வெள்ளிக்கிழமை காலை மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டார். "தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டேன். என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நடந்தது அவர் கணவருக்கு.

அவரைத் தெருவில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி சீவிப் பொருத்துகிற வேலை. கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டில் கிறீச்சிடும் கதவைக் கண்டால், சாப்பாட்டை விட்டுவிட்டு அதன் கீலைப் பிடித்துக்கொள்வார். "எனக்குப் பிரசவ வலி, இவர் கட்டில் சக்கரத்தைச் சரிபண்ணிட்டு இருந்தாரு. நர்ஸே வந்து மெச்சிட்டுப் போனாங்க, அதான் எனக்கு இன்னும் எரிச்சல்" என்று அக்கா சொல்வார்.

வேலை இல்லாத நேரத்தில் அவர் பொம்மை ரயில் பெட்டிகளைப் புதுப்பிப்பார். பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. 'மாதிரி' என்பார். உண்மையான ரயிலைச் சுருக்கிச் செய்தது. உள்ளே இருக்கை, விளக்கு எல்லாம் உண்டு.

அக்காவின் அண்ணன் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர். பத்து வயதில் கால் முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது, அவர்களுடைய அம்மா வாங்கிக் கொடுத்த மூன்று பெட்டிகள் அவரிடம் இருந்தன. அம்மா இறந்ததும் யார் எதை எடுத்துக்கொள்வது என்ற சண்டையில் அண்ணனும் தங்கையும் இரண்டு வருடம் பேசவில்லை. ராசியாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் அக்கா கேட்டார்: "அந்தப் பெட்டிங்களை இவர்கிட்ட குடேன் அண்ணா. ஜன்னல் எல்லாம் மஞ்சளாயிடுச்சு. புதுசா பண்ணித் தருவார். நான் பொறுப்பு."

அண்ணன் யோசித்துத்தான் கொடுத்தார். "ஜன்னல் மட்டும் மாப்பிள்ளை. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் ரயில் மாதிரிப் பிரியர்கள் சேர்ந்து பெரிய தண்டவாளம் போட்டு ஓட்டப் போகிறார்கள். அதில் தன் பெட்டிகளும் ஓடும் என்று நிலையத்தில் பாதிப்பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

பழைய பெட்டிகளில் ஜன்னல் என்பது சுவரின் உட்பக்கம் ஒட்டிய நீளமான பிளாஸ்டிக் பட்டை. சுவர் தடிமனாக இருப்பதால் ஒவ்வொரு ஜன்னலும் குழிவிழுந்த கண் மாதிரித் தெரியும். கண்ணாடிக்காரர் பட்டைகளை உரித்துவிட்டு, ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகச் சுண்டுவிரல் நகம் அளவில் ஒளிபுகும் துண்டு வெட்டி, வெளிச்சுவரோடு சமமாக நிற்கும்படி வெள்ளைப் பசையால் பதித்தார். பெட்டிக்குப் பதினாறு, மொத்தம் நாற்பத்தெட்டு. ஐந்து வாரம் பிடித்தது. முடிந்ததும் பெட்டிகள் தூங்கி எழுந்து முகம் கழுவினவை போல இருந்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டிகளைப் பிணைக்கும் பழைய கப்ளிங், பெரிய கொக்கி. மாட்டினால் இரண்டு பெட்டிக்கும் நடுவே கட்டைவிரல் நுழையும் இடைவெளி. இவ்வளவு அழகான ஜன்னலுக்குப் பக்கத்தில் அந்த ஓட்டை அவர் கண்ணை உறுத்தியது. புதிய சிறு கப்ளிங் கையில் இருந்தது. வில் வைத்தது, வளைவில் தானே விலகி, நேரில் நெருங்கி நிற்கும். புதன்கிழமை சாயங்காலம் பழைய கொக்கிகளைச் சீவி எடுத்துவிட்டு, அடித்தட்டில் புதியதை சூப்பர் க்ளூவால் ஒட்டினார். தூசி படக் கூடாதே என்று பெட்டியின் மேலுடலை உடனே மாட்டி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து மூடினார்.

வியாழன் காலை கடைக்குக் கிளம்பும்முன் திறந்து பார்த்தார்.

நாற்பத்தெட்டு ஜன்னலிலும் புரை விழுந்திருந்தது. பால் ஊற்றிக் காய்ந்தது போல வெள்ளை. விரலால் தேய்த்தார், போகவில்லை. மூட்டம் உட்பக்கம். சூப்பர் க்ளூ காயும்போது ஆவி விடும்; ஆவி போக வழியில்லாவிட்டால் பக்கத்திலுள்ள கண்ணாடியில் போய்ப் படியும். இது அவருக்குத் தெரியாதா? கடையில் புதிதாகச் சேர்ந்த எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார். பசை கீழே, ஜன்னல் மேலே என்று மனம் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டுவிட்டது.

மூடியைச் சாத்தி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைக்குப் போனார். அன்று ஒருவரின் வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திவிட்டார். முதலாளி பார்த்துப் பிடித்தார். "என்னய்யா, உனக்கே ஒரு கண்ணாடி போட்டு விடணுமா?" என்றார். இவருக்குச் சிரிக்க வரவில்லை. கிளம்பும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவந்த ஒரு ஜன்னலை மதியம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். மூட்டம் அசையவில்லை; ஓரத்தில் நூல் போல விரிசல் விட்டது. நாற்பத்தெட்டில் ஒன்று போயிற்று. புதிதாக வெட்ட வேண்டுமானால் ஐந்து வாரம். இருப்பது இரண்டரை நாள்.

சாயங்காலம் தட்டில் வைத்ததை அளைந்துகொண்டே இருந்தார். அக்கா அலமாரியைப் பார்த்தார். வழக்கமாக மேசைமேல் இருக்கும் பெட்டி மேல்தட்டுக்கு ஏறியிருந்தது. எழுந்து போய் இறக்கித் திறந்தார்.

"நான் பொறுப்புன்னு சொன்னேன்" என்றார் அக்கா.

"சனிக்கிழமைக்குள்ள சரிபண்ணிடுவேன். அப்புறம் சொல்லிக்கலாம்."

"சரியாகலைன்னா?"

"ஆயிடும்."

"கொக்கியையும் மாத்திட்டீங்களா? அவன் தொடாதீங்கன்னானே! அம்மா வீட்டுப் பாத்திரத்துக்கே ரெண்டு வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டவன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"ஒரு நாள் குடு."

அந்த ஒரு நாளில்தான் அக்கா படியில் என்னை நிறுத்தினார். அண்ணன் மறுபடி பேசாமல் போய்விடுவார் என்ற பயம் அவருக்கு. தன்னால்தான் அது நடக்கப்போகிறது என்ற பயம் கணவருக்கு.

வெள்ளிக்கிழமை கடையில் லென்ஸுக்கு மெருகு போடும் களிம்பை மெல்லிய துணியில் தொட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன இன்னொரு ஜன்னலைக் கையால் தேய்த்தார். பத்து நிமிடத்தில் தெளிந்தது. மெருகுச் சக்கரத்தில் வைக்க முடியாது, சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடும். ஒவ்வொன்றாகக் கையால்தான். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சொல்லாமலே முடித்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் சீவி எடுத்த கொக்கியை என்ன தேய்த்தாலும் திரும்ப முளைக்காது. போனை எடுத்தார், வைத்தார். எடுத்தார், கடைசி எண்ணை அழுத்தாமல் வைத்தார். மூன்றாவது முறை மணி அடித்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"கொக்கியை எதுக்குத் தொட்டீங்க? ஜன்னல் மட்டும்தானே சொன்னேன்" என்று மட்டும் கேட்டுவிட்டு அண்ணன் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அன்று மாலை அக்கா இரண்டு தடவை அண்ணனை அழைத்தார். எடுக்கவில்லை. மகள்கூட அன்று சண்டை போடாமல் வீட்டுப்பாடம் எழுதினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் அண்ணன் நின்றார். பணி முடிந்து நேராக வந்திருந்தார், கையில் காலிப் பை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். அண்ணன் மேசையருகே குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். இன்னொரு பக்கம் பார்த்தார்.

"நான் தினமும் ரயில்ல வர்றவன் மாப்ளே. வெள்ளைக் கண்ணாடி கழிப்பறைக்குத்தான் போடுவான். நீங்க மொத்த வண்டியையும் கழிப்பறை ஆக்கிட்டீங்களே!"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. மூன்று பெட்டிகளையும் மேசைமேல் இருந்த வளைந்த தண்டவாளத் துண்டில் வைத்துத் தள்ளினார். நேரில் ஒட்டி நின்றவை வளைவில் மெல்ல விலகி, மறுபடி ஒட்டிக்கொண்டன. திரும்பத் தள்ளினார். நாலாவது தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை என்கிட்ட கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்."

"கேட்டிருக்கணும் மச்சான். தப்புதான்."

"சரி, துணியைக் குடுங்க. பெட்டிக்கு ரெண்டு கழிப்பறை. அந்த ஆறு ஜன்னலை அப்படியே விட்ருங்க. அதுக்கு இதான் பொருத்தம்."

அது கண்ணாடிக்காரருக்குத் தோன்றவே இல்லை. ஆறு மிச்சம்!

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்தார்கள். கதவை உடைத்துப் பழகிய கைக்கு நகமளவு ஜன்னல் அடங்கவில்லை. மூன்றாவதை அண்ணன் அழுத்தியபோது 'டக்' என்று இரண்டாக உடைந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அக்காதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிக்காத. நீதானே பொறுப்பு?" என்றார் அண்ணன்.

"ஜன்னலுக்குத்தான் பொறுப்பு. உன் விரலுக்கு இல்ல."

அதன்பிறகு அண்ணனுக்குத் துடைத்ததை அடுக்கும் வேலை மட்டும். ஸ்பிரிட் பட்டு விரிசல் விட்டதைக் கழிப்பறை ஜன்னலாக மாற்றி வைத்தார்கள். அங்கிருந்ததைத் தெளியவைத்து அதன் இடத்தில் பதித்தார்கள். உடைந்ததற்கு மாற்று இல்லை. மாலை ஐந்தரைக்கு நாற்பத்தொரு ஜன்னல் தெளிந்திருந்தது. அட்டைப்பெட்டியை அன்று யாரும் மூடவில்லை.

ஞாயிறு காலை மண்டபத்தில் கூட்டம். சீருடை இல்லாமல் வந்த தீயணைப்பு வீரர்கள் ஏழெட்டுப் பேர் முன்வரிசையில். கண்ணாடிக்காரர் ஜன்னல்களைப் பார்க்கவே இல்லை. மூலையில் இருந்த கூர்மையான வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகள் அதில் நுழைந்தபோது அவர் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றின. முதல் பெட்டி வளைந்தது. இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் ஆடி, நிமிர்ந்து, பின்தொடர்ந்து வெளியே வந்தது.

"என்ன, நடுப்பெட்டில ஒரு ஜன்னலைக் காணோம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

"நான் உடைச்சிட்டேன்" என்றார் அண்ணன். "கொக்கி பாத்தியா? அது மாப்பிள்ளை வேலை."

கண்ணாடிக்காரர் திரும்பவில்லை. இரண்டாவது சுற்றுக்கு வண்டி அந்த வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது.

படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி எண்ணை அழுத்தத் தயங்குகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். பசை ஒட்டுகிறவராக இருந்தால், மூடியைத் திறந்து வைக்கவும் சேர்த்துச் சொல்லுங்கள்.