மாமாவின் விறகடுப்பும் என் இருமலும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மாதம் முழுக்க இருமினேன். அதில் முதல் கிழமை இருமியது மட்டும்தான் உண்மை.

அப்போது நாங்கள் பாபகூராவில் ஒரு பழைய பலகை வீட்டில் இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. ஓக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. அதனால் வீடு கட்டியவர்கள் குளிரைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை போலும். ஜூன் மாதம் குளிர்காலம் பிறந்தால் வெளியில் இருப்பதைவிட வீட்டுக்குள் குளிர் கூடுதலாக இருக்கும். யன்னல் கண்ணாடியில் வழியும் ஈரத்தை அம்மா காலையில் பழைய துவாயால் ஒற்றி வாளிக்குள் பிழிவார். முழு வீட்டுக்கும் சூடு என்று இருந்தது வரவேற்பறை மூலையில் நின்ற இரும்பு விறகடுப்பு ஒன்றுதான்.

அதைப் பார்த்துக்கொண்டவர் மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் ஒரு தபாற்கந்தோரின் அதிபராக இருந்தவர். சண்டையில் கந்தோரும் போய் வீடும் போய், கொழும்பில் இரண்டு வருடம் லொட்ஜில் காத்திருந்து, கடைசியில் எங்கள் வரவேற்பறை சோபாவில் வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வருகிற பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய், நானும் பள்ளிக்கூடம் போய்விட்டால், பகல் முழுவதும் வீட்டில் மாமாவும் அடுப்பும்தான்.

அவர் வருவதற்கு முன் அடுப்பு மூட்டுவது அப்பாவின் வேலை. ஒரு முழுப் பத்திரிகையும் அரைப் பெட்டி நெருப்புக்குச்சியும் செலவாகி, எல்லோருக்கும் கண் எரிந்து, அதன் பிறகுதான் நெருப்பு பிடிக்கும். வந்த இரண்டாம் கிழமையே மாமா கோடரியை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். அப்பாவும் மறுக்கவில்லை. மாமாவுக்கு ஒரு குச்சி போதும். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது வீடு இதமாக இருக்கும். நனைந்த என் சப்பாத்துகளை அடுப்புக்குக் கிட்ட வைத்து, ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பிவிடுவார். எல்லா வீட்டிலும் சப்பாத்துகள் இப்படித்தான் காய்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விறகு கொண்டுவருபவர் ஃபிஜியிலிருந்து வந்தவர். மரம் தறிக்கிற தொழில். சனிக்கிழமை காலையில் ட்ரெய்லர் நிறைய மரத்துண்டுகளோடு வருவார். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்கள். அவருக்கு ஹிந்தியும் ஆங்கிலமும் நன்றாக வரும். தமிழில் ஒரு பத்துப் பதினைந்து சொற்கள் மிச்சமிருந்தன. அந்தச் சொற்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமாவிடம் பாவித்து முடித்துவிடுவார். தேத்தண்ணி கொடுத்தால், “தம்பி, தண்ணி ரொம்ப நல்லா!” என்பார். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். இருவரும் மரக்குற்றிகளில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருப்பார்கள். அந்தப் பதினைந்து சொற்களை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் என்னதான் கதைத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு வந்த வினை மாமா இடுப்பில் கட்டுகிற சாரம். ட்ரெய்லர் பின்வளவுக்குப் போகாது என்பதால் மரம் முன்வாசலில்தான் கொட்டப்படும். மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே அப்பாவின் பழைய ஸ்வெற்றரோடு அங்கேயே நின்று கொத்துவார். ஒரு நாள் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயோடு அந்தப் பக்கம் நடந்து வந்தாள். மதிலோரம் நின்று, பாவாடை கட்டியிருக்கிற அந்த ஆள் யார் என்று என்னைக் கேட்டாள்.

“விறகு வெட்ட வந்த ஆள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாமா மூன்று அடி தள்ளித்தான் நின்றார். அவர் ஆங்கிலம் கதைத்து நான் கேட்டதில்லை. ஆகவே அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று முடிவு செய்திருந்தேன். கந்தோரில் பதினைந்து வருடம் ஆங்கிலக் கடிதங்களோடு இருந்த மனிதர் என்பது என் புத்தியில் ஏறவில்லை. மாமா கோடரியைக் கீழே வைத்துவிட்டு, கொத்திய விறகை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

அந்தக் கிழமைதான் எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது, கூடவே இருமலும். தடிமன் ஐந்து நாளில் போய்விட்டது. ஆனால் மாமா அடுப்பு மூட்டும்போது நான் இருமினால் அம்மாவின் முகம் மாறுவதைக் கவனித்துவிட்டேன். அடுப்பு இல்லாவிட்டால் விறகு இல்லை. விறகு இல்லாவிட்டால் முன்வாசலில் சாரமும் இல்லை. ஒன்பது வயதுக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அடுத்த மூன்று கிழமையும் மனம் வைத்து இருமினேன்.

அம்மா என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும் வழியில் கடைக்குப் போக வேண்டும் என்று மாமாவும் வந்து, டொக்டரின் அறைக்குள் எங்களோடு இருந்தார். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது புகைப்பார்களா, புகை ஏதும் இருக்குமா என்று கேட்டார். அம்மா வாய் திறப்பதற்கு முன் நான் சொன்னேன்: “மாமா அடுப்பு மூட்டுற நேரத்திலதான் எனக்கு இருமல் வரும்.” அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

காரில் மாமா கேட்டார். “என்னவாம் அக்கா?”

“ஒண்டுமில்லையடா. பிள்ளைக்குப் புகை கொஞ்சம் ஒத்துவரேல்லையாம்.”

“ஓம், பிள்ளை சொன்னதைக் கேட்டனான்” என்றார் மாமா. பிறகு வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரம் அடுப்பு எரியவில்லை. வேலையால் வந்த அப்பா கோட்டைக் கழற்றாமலே நின்று, “என்ன, நெருப்பு மூட்டேல்லையோ?” என்றார்.

“வேண்டாம் அத்தான். பிள்ளையின்ர நெஞ்சுக்குக் கூடாதாம். இதைக் கழற்றிப்போட்டு வேற ஏதும் பாப்பம்.”

அப்படி முதலில் சொன்னவர் மாமாதான். அப்பாவுக்குக்கூட இரண்டு மனமாக இருந்தது. ஆனால் அவரோடு வேலை செய்த ஒருவரின் கிளென்ஃபீல்ட் வீட்டில் பெல்லட் அடுப்பு என்று புதிதாக ஒன்று பூட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் போய் அதைப் பார்த்தோம். மரத்தூளை இறுக்கி, சின்ன விரல் நுனியளவு உருளைகளாகச் செய்திருந்தார்கள். அம்மா ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, “கோழித்தீன் மாதிரிக் கிடக்கு” என்றார். மேலே உள்ள பெட்டிக்குள் ஒரு பை கொட்டினால் ஒரு நாளுக்கு மேல் போகுமாம். பொத்தானை அமத்தினால் தானே பற்றும், தானே தீனி எடுக்கும், காற்றாடி சூட்டை ஊதிவிடும். புகை மணமே இல்லை. மாமா அதன் முன் குந்தியிருந்து கண்ணாடிக்குள் நெடுநேரம் பார்த்தார். “நல்லது அத்தான். இதில ஆர் நிண்டு பாக்க வேணும்?” என்றார்.

இரண்டு கிழமையில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. பழைய இரும்படுப்பைத் தூக்கி வெளியே வைக்க, பூட்ட வந்தவர்களுக்கு மாமா ஒரு பக்கம் கை கொடுத்தார். அன்றோடு என் இருமல் நின்றது. அது அப்பாவுக்குப் பெரிய வெற்றி. வந்தவர் போனவருக்கெல்லாம் அடுப்பைக் காட்டி, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல ட்ரெய்லர் வந்தது. மாமா படலையடிக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டி மறித்தார். நான் ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னலால் எல்லாம் தெரிந்தது. மாமா வீட்டைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், பிறகு என் பக்கம் காட்டினார். ஃபிஜிக்காரர் இறங்கவில்லை. சற்று நேரம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எனக்கும் ஒரு கையசைத்துவிட்டு, மரத்தோடு திரும்பிப் போனார். நானும் கையசைத்தேன்.

அதன் பிறகு மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெல்லட் பெட்டி நிறையத்தான் இருக்கும். இருந்தாலும் மூடியைத் திறந்து பார்ப்பார். கண்ணாடியில் கரி பிடிப்பதற்கு முன்பே துடைப்பார். நாங்கள் இருக்கும்போது வரவேற்பறையில் இருக்கக் கூச்சப்பட்டு, குசினி மேசையில் போய் விண்ணப்பம் எழுதுவார்.

ஓகஸ்ட்டில் ஒரு பின்னேரம் பலத்த காற்றடித்துக் கரண்ட் போனது. அடுப்பின் மோட்டர் நின்றது, காற்றாடி நின்றது, உள்ளே சிவப்பாக இருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. நாலு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மெழுகுதிரியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முன்வாசலில் மாமா கொத்திய விறகு இன்னும் மார்பளவு உயரத்துக்கு அடுக்கியபடி இருந்தது. எரிப்பதற்குத்தான் அடுப்பு இல்லை. மாமா ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தார். அப்பா அதைக் கண்டுவிட்டார்.

“என்ன, பழசையே வைச்சிருக்கலாம் எண்டு நினைக்கிறீரோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே அத்தான்.”

“சொல்லாட்டிலும் விளங்குது. பிள்ளைக்காகத்தானே செய்தது?”

“ஓம். அதுதான் முக்கியம்” என்றார் மாமா.

அப்பா கெட்டவர் அல்ல. வாங்கி இரண்டு மாதம் ஆகாத அடுப்பின் முன் விறைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வரக்கூடிய கோபம்தான் அது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். அம்மாவின் கக்கத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் மாமா விண்ணப்பம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒடாஹுஹுப் பக்கம் கோழி வெட்டிப் பொதி செய்கிற இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்கக் குளிரறையில் நின்று செய்கிற வேலை. பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துவிட்டதாகவும் சொன்னார். அம்மா அழுதார். அப்பா இரண்டு தரம், “இஞ்சயிருந்து ரெயினில போய் வரலாம்தானே” என்றார். மாமா சிரித்துச் சமாளித்தார்.

பிறகு பல வருடம் அவர் அங்கேயே இருந்தார். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் வருவார், ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிய வயதில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “இப்ப ஏன் அதை?” என்று மட்டும் கேட்டார்.

அவரை அந்த அறைக்குக் கொண்டுபோய் விட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்சீற்றில் அவருடைய பெட்டி, அதற்குப் பக்கத்தில் நான். இனி சோபா முழுக்க எனக்குத்தான் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். கடைகளுக்குப் பின்னால் ஒரு வீட்டில், ஒரு கட்டில் மட்டும் கொள்கிற அறை. சுவரில் ஈரம் ஊறிக் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் வீட்டுக்காரரோடு கதைக்கப் போக, நான் வாசற்படியில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

“மாமா, இங்க ஹீற்றர் ஒண்டும் இல்லையே. உங்களுக்குக் குளிராதா?”

மாமா பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு நிமிர்ந்தார். என் கோட்டின் மேல் பொத்தான் திறந்திருந்ததைக் கண்டு, குனிந்து அதைப் பூட்டிவிட்டார்.

“எனக்கு அவ்வளவு குளிர் தெரியிறேல்லை, பிள்ளை” என்றார்.

நான் அதை நம்பினேன்.