அப்பா தூங்கும்போது சுற்றிய தட்டுகள்

ஊசி இசைத்தட்டில் இறங்கும்போது முதலில் ஒரு "டொப்" வரும், அதன்பின் பாட்டு தொடங்கும்வரை இரண்டு மூன்று சுற்றுக்கு மெல்லியதாய் ஒரு "சர்ர்" ஓடும், அந்த இடைவெளி முழுக்க அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சர்ரில் எங்கோ ஒரு பொடி "டிக்" கேட்டுவிட்டால் போதும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் நாற்காலியில் காத்திருந்தாலும் பொருட்படுத்தாமல் ஊசியைத் தூக்கிவிட்டு, பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, தட்டைக் கோடு போகிற வாக்கிலேயே வட்டமாகத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து வைப்பார். "தூசியும் பாட்டும் ஒரே கோட்டுலதான் ஓடும், நாமதான் பாத்துத் தொடச்சி வுடணும்" என்பார். அவ்வளவு கூர்மையான காது அவருக்கு இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா படப்பையில் ஒரு "ரேடியோ செட்" கடையில் வேலை பார்த்தவர். கேசட் வந்து தட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனபோது கடைக்காரர் அவற்றைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட இருந்தார். அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு, சேரப்பணஞ்சேரிக்குச் சைக்கிளில் மூன்று நடை அடித்து வீடு சேர்த்தார். சினிமாப் பாட்டு, நாதஸ்வரம், கிறிஸ்துமஸ் பாட்டு, முழுப் படத்தின் கதை வசனம் என்று நூற்றுச் சொச்சம் தட்டுகள். பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில், கார்களுக்குத் தகடு அடிக்கும் "பிரஸ் ஷாப்"பில் அவருக்கு வேலை கிடைத்தது, கல்யாணமானது, நான் பிறந்தேன், தட்டுகள் மட்டும் முன்னறையில் அப்படியே இருந்தன. ஒரு தகரப் பெட்டிக்குள் அவை, பக்கத்தில் முக்காலி மேல் ரெக்கார்டு பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும், தரையில் மண்பானையின் வாயில் வைத்துக் கட்டிய "பானை ஸ்பீக்கர்", எதிர்ச் சுவரோரம் கதவில் ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. பெட்டிக்குப் பூட்டு உண்டு. வேலைக்குப் போகும்போது சாவி வண்டிச் சாவிக் கொத்தோடு அவருடன் போய்விடும். வீட்டில் இருந்தால் ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் கிடக்கும். "தட்டுல கை வெச்ச, கை இருக்காது" என்பது நான் நடக்கத் தொடங்கிய நாள் முதல் வீட்டில் இருந்த சட்டம்.

எட்டாவது முழுப் பரீட்சை லீவில், மலேசியாவில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஊருக்கு வந்தபோது எனக்கு ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு "டூ இன் ஒன்"னும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். கேசட்டில் அங்கத்துத் தமிழ்ப் பையன்கள் பாடவில்லை, மளமளவென்று பேசினார்கள். "இன்னாடா இது, பாட்டு பாடச் சொன்னா திட்டிகினு கீறானுங்கோ" என்று அம்மா மாமாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். எனக்கு அவர்கள் பேச்சில் கவனமே இல்லை, ஏனென்றால் பேச்சுக்கு அடியில் ஒரு துண்டு வயலின், மூன்று விநாடிதான் இருக்கும், முடிந்ததும் மறுபடி, முடிந்ததும் மறுபடி என்று ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்த வயலின். அப்பாவின் பெட்டியில் பச்சை உறை போட்ட தட்டில், இரண்டாவது பாட்டில், பாடுகிற அம்மாள் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டு ஓடிவிடும். ஓடிப்போகிறதை யாரோ பிடித்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். ஐயோ, அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. மாமாவைக் குடைந்தேன், "அதெல்லாம் மெஷின்ல பண்றாங்கோ, ஹிப் ஹாப்புன்றாங்கோ" என்றதோடு அவருக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது.

என்னிடம் மெஷின் இல்லை, ஆனால் டூ இன் ஒன்னில் ஒலிப்பதிவுப் பொத்தானும், ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும் பாஸ் பொத்தானும் இருந்தன. அந்த மே மாதம் முழுக்க அப்பாவுக்கு நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, நாலு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, முன்னறையிலேயே பாய் விரித்துப் படுத்தார் என்றால் மூன்று மணிக்குத்தான் எழுவார். அம்மா அதற்கு முன்பே எக்ஸ்போர்ட் கம்பெனி வேனில் தையல் வேலைக்குப் போயிருப்பாள். மிச்சம் இருப்பது நானும் ஆணியில் தொங்கும் சட்டையும்தான்.

முதல் நாள் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். சத்தத்தைக் குறைத்து, டூ இன் ஒன்னைப் பானையின் வாயருகே வைத்து, பச்சை உறைத் தட்டின் நடுக் காகிதத்தில் அம்மாவின் ஒட்டுப்பொட்டு ஒன்றை அடையாளத்துக்கு ஒட்டினேன். பொட்டு ஊசிக்கு நேராக வரும்போது பாஸை விட வேண்டும், மூன்று விநாடியில் அமுக்க வேண்டும், ஊசியைத் தூக்கி ஒன்றிரண்டு கோடு முன்னால் வைத்து மறுபடி பொட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இப்படி முப்பது தடவை செய்தால் ஒன்றரை நிமிஷம் தேறும், ஒரு முழுக் காலைப்பொழுது போய்விடும், அதில் ஒரு தடவை கை தாமதித்தாலும் நொண்டும், நொண்டினால் முதலிலிருந்து. அப்பா ஆறடி தூரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, முப்பதும் நொண்டாமல் ஓடியபோது, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிப்போய்க் குதித்தேன். கேசட் மேல் "கணக்கு" என்று எழுதி வைத்தேன், கணக்கு என்று எழுதிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

நாளுக்கு நாள் துணிச்சல் கூடிச் சத்தத்தையும் கூட்டினேன். ஒரு நாள் கை வழுக்கி ஊசி தட்டின் குறுக்கே "கரக்" என்று இழுத்துக்கொண்டு போனது. செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. நைட் பார்த்த அலுப்பு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவரே தட்டு வைத்தார். ஊசி நுனியில் பஞ்சு சுருட்டிக்கொண்டு, பாட்டு முழுக்கக் கொரகொரவென்று வந்தது. அப்பா பீரோவைப் பார்த்த மாதிரி தரையில் உட்கார்ந்து, பானையின் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் தொடையில் தாளம் போட்டபடி ரசித்துக்கொண்டிருந்தார். ஒரு பொடி டிக்குக்கு எழுந்தோடுகிற மனுஷர்!

நான் பூனைபோலப் போய் ஆம்ப்ளிஃபையரில் வயலின், சலங்கை எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கும் குமிழைச் சுத்தமாகக் குறைத்தேன். தொடைத் தாளம் மாறவில்லை. அவருக்குப் பின்னால், வாசற்படிக்கு வந்து நின்றுகொண்டு "அப்பா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் ஒரு முறை. பிறகு எங்கிருந்து அந்தத் திமிர் வந்ததோ, "அப்பா, நீ தூங்கசொல்ல ஒன் தட்டெல்லாம் நான்தான் எடுக்கறேன்" என்று நன்றாகவே சொன்னேன். தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சிரிப்பு பாதியில் நின்றது.

பிரஸ் ஷாப்பில் தகட்டின் மேல் அச்சு இடி இடிக்கிற மாதிரி நாள் முழுக்க விழும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த ஆரஞ்சு நிறப் பஞ்சுத் துண்டு வேர்வையில் அரிக்கிறதென்று அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். சாவி எடுக்கும்போதெல்லாம் அது என் விரலில் படும். ஆக, எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் "ஒனக்கு எப்பிடிடீ தெரியும்?" என்று கேட்பாள், தட்டு, சாவி, பொட்டு எல்லாம் வெளியே வரும், பெட்டிச் சாவி அதன்பின் சட்டைப் பையில் இருக்காது. கல்லுளிமங்கி மாதிரி இருந்துவிட்டேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும், நைட் ஷிப்ட் வரும் சனி, ஞாயிறுகளுக்காகக் காத்திருந்து, மேலும் பதினொரு துண்டுகள் பிடித்தேன்.

அம்மா வழக்கம்போல, "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி கத்திகினே கீறேன், இந்த மனுஷன் காதுல வுழுதா பாரு" என்று அலுத்துக்கொள்வாள். புருஷன்மாரைப் பார்த்து எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சு. நான் தட்டில் இருக்கும் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

பொங்கல் முடிந்த வாரம், கம்பெனியில் பின்பக்கமாக வந்த, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஆரன் அடித்துக்கொண்டேதான் வந்ததாம். அப்பா ஒதுங்கவில்லை. வலது காலில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்ட கையோடு காதையும் சோதித்த டாக்டர், "இது இன்னைக்கு நேத்து வந்தது இல்லம்மா, ரொம்ப நாளாவே இருந்திருக்கணும்" என்றார். அம்மா வராந்தா பெஞ்சில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரே வூட்லதான இருந்தோம், ஒரே சோத்ததான துன்னோம், ஒருத்தருக்குமாடீ தெரியல?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் செவிடன் சங்குப் பழமொழியை அம்மா அதன்பின் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பாவை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில், அவராகவே பெட்டிச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி, "இனிமே எனக்கு இன்னாத்துக்கு, நீயே வெச்சிக்க" என்று என் கையில் கொடுத்தார். அதற்காகத்தானே அவ்வளவும் செய்தேன். கையில் வந்த பிறகு நாலு வருஷம் அந்தப் பூட்டை நான் திறக்கவில்லை.

பாலிடெக்னிக் படிக்கும்போது கம்ப்யூட்டர் கிடைத்தது, ஒரு பாட்டிலிருந்து துண்டு வெட்டிச் சுற்ற விடுவது இரண்டு நிமிஷ வேலையானது, மறுபடி பெட்டியைத் திறந்தேன். அப்பாவைப் பொறுத்தவரை நான் இப்படித் துண்டுகளால் தாளம் கட்டி "பீட்" போடத் தொடங்கியது அப்போதுதான். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வல்லம் வடகாலிலிருந்தும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தும் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகள் சிலர் என் பீட்டுக்கு மேல் தங்கள் சூப்பர்வைசரையும் ஓ.டி. என்கிற ஓவர்டைமையும் வைத்துப் பேசிப் பாடி போனில் ஏற்றுகிறார்கள். அந்தக் "கணக்கு" கேசட்டை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். போன மாதம்தான் தைரியம் வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வயலின் பாதி தேய்ந்து போயிருந்தது. அதன் அடியில், டூ இன் ஒன்னின் மைக் தானாக வாங்கிக்கொண்ட அப்பாவின் குறட்டை தெளிவாக இருந்தது. குறட்டையையே அடிநாதமாக வைத்து ஒரு பீட் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அப்பாவுக்குப் போட்டேன். வாங்கிக் கொடுத்த காது மெஷின் விசிலடிக்கிறதென்று டிராயரில் கிடக்கிறது. அவர் கேட்பது கையால்தான். பழைய இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"நல்லாகீது. கீழ ஒண்ணு ஓடுதே, இன்னாமா அது?"

நான் எதிரே வந்து உட்கார்ந்து, வாய் தெரியும்படி, "ஒன் கொறட்டைப்பா. எட்டாவது படிக்கசொல்ல புடிச்சது" என்றேன்.

புரிய ஒரு நொடி ஆனது, பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பானையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த லீவுலதான நீ பின்னால நின்னுகினு என்னைக் கூப்ட்டுப் பாத்த?"

நான் பாட்டை நிறுத்தினேன்.

"பீரோ கண்ணாடில பாத்தேன். ஒன் வாய் அசையுது, சத்தம் வரல. அதுவரைக்கும் மெஷின் சத்தத்துல காது அடைச்சிகினு கீது, போயிடும்னு நெனச்சிகினு இருந்தேன். அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சிது. ஒங்கம்மாகிட்ட சொல்லிடுவியோன்னு ஒரு வாரம் பயந்துகினே இருந்தேன். சொல்லியிருந்தா அப்பவே லைன்லேர்ந்து எறக்கியிருப்பாங்கோ, ஓ.டி. இல்ல, ஒண்ணும் இல்ல. நீ வாயே தொறக்கல. அந்த வயசுல எந்தப் புள்ளைக்குமா வரும் அந்தப் புத்தி?" அவர் என் தலையில் கை வைத்தார். இத்தனை வருஷம் என்னைப் பற்றி அவர் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

எதிரே உட்கார்ந்து, வாய் தெரிய, உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி அவருக்குப் பின்னால் வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டு சொன்னேன்: "ஒனக்காகச் சொல்லாம இல்லப்பா. தட்டுக்காகத்தான்." நன்றாகவே, சத்தமாகவே சொன்னேன். அப்பா திரும்பாமல், பானையைத் தட்டி, "இன்னொரு வாட்டி போடுமா" என்றார். நான் சட்டென்று அவருக்கு எதிர்ப் பக்கமாக நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுக்கு டைல்ஸ் போட்ட வருஷம் அந்த பீரோவை விற்றுவிட்டோம். கண்ணாடி இருந்த இடத்தில் இப்போது சுவர்தான் இருக்கிறது.