பதினோரு மொட்டை, கணக்கு சரி

போன சனிக்கிழமை நான் பெற்ற மகளைச் சென்னையில் விட்டுவிட்டு, யாரோ பெற்ற மகனைப் பத்திரமாக ஊருக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. கணக்கு சரியாக இருந்தது.

என் மகள் கீர்த்தனா ஐந்தாம் வகுப்பு. அவள் பள்ளியில் வருஷா வருஷம் கல்விச் சுற்றுலா உண்டு. அதாவது, தீம் பார்க். தண்ணீரில் சறுக்கி விழுவதும் ஒரு கல்விதானே! இந்த வருஷம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "பசங்களுக்கு கொஞ்சம் எக்ஸ்போஷர் வேணும் சார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். உடனே சென்னையில் ஓர் ஓவிய மியூசியம் என்று முடிவானது. அந்த அப்பாவைப் பிள்ளைகள் இன்னும் சபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

துணைக்கு ஒரு தாய் வரவேண்டும் என்றார்கள். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு வேலைவெட்டி எதுவும் கிடையாது என்பது திருத்தணி முழுக்கத் தெரிந்த செய்தி. நேராக எனக்குப் போன் வந்தது.

கீர்த்தனா நிபந்தனை போட்டாள். "வர்றதுன்னா வா. ஆனா பஸ்ல என் பக்கத்துல உக்காராத. தலையத் தடவாத. எல்லாரும் சிரிப்பாங்க."

தலை என்று அவள் சொன்னது மொட்டைத் தலை. ஆடிக் கிருத்திகை அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் தலையில் முடியோடு போகிறவரைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரரின் வேண்டுதலுக்குக் கீர்த்தனாவின் இரட்டைப் பின்னல் போனது. "டூர் முடிஞ்சப்பறம் போடலாம் நைனா" என்று அவரிடம் அழுது பார்த்தாள். முருகன் என்ன, பள்ளிக்கூட காலண்டரைப் பார்த்தா கிருத்திகையை வைக்கிறான்?

அவள் வகுப்பில் மொத்தம் பதினோரு மொட்டை. சந்தனம் பூசிய பதினோரு உருண்டைகள். ஆணா பெண்ணா என்று பெற்றவர்களே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

போதாததற்கு டூர் டி-ஷர்ட். மஞ்சள். ஏன் மஞ்சள்? காவடி எடுக்கிறவர்களுக்காக வாங்கி வைத்து விற்காமல் போன சரக்கை, எங்கள் பஜார் கடைக்காரர் ஒருவர் மலிவாகத் தள்ளிவிட்டார். 'ஒரே நிறம் ஒற்றுமையை வளர்க்கும்' என்று தாளாளர் வாட்ஸ்அப் குரூப்பில் விளக்கம் கொடுத்தார். வளர்த்ததே... அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பி.டி. சார் ஏகாம்பரம்தான் டூருக்குப் பொறுப்பு. பஸ் கிளம்பும்போதே ஒரு திட்டம் சொன்னார்.

"மேடம், மொத்தமா எண்ணிகினு இருந்தா கொழம்பும். முடி இருக்கற தல தனி, மொட்ட தனி. ரெண்டு கணக்கும் சரியா வந்துச்சுன்னா ஒரு புள்ள தவறாது."

நான் அசந்துபோனேன். இப்படி ஒரு மூளை பி.டி. பீரியடில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறதே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

மியூசியத்துக்குள் போனோம். முன்னால் இருப்பவர் தோளில் ஒரு கை, வாயில் ஒரு விரல். ரயில் மாதிரி வரிசை நகர்ந்தது. சார் சொன்னது மொத்தம் மூன்று வாக்கியம்தான். "தொடாத! பேசாத! நிக்காத, நடந்துகினே பாரு!"

நடந்துகொண்டே பார்த்தார்கள். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்தார்கள். முதல் ஆளாகப் போன பையன் மட்டும் ஓவியங்களைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. அவனும் பாத்ரூம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.

நான் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நான் பதினொன்று வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரிய கூடம் ஒன்று வந்தது. சுவர் முழுக்க ஒரே ஓவியம். ஏதோ ஆறு, படகு. அதற்கு முன்னால் குரூப் போட்டோ. இரண்டு பையன்கள் பேனரைத் தூக்கிப் பிடித்தார்கள். பேனரில் தாளாளரின் முகம், ஓவியத்தில் இருந்த எல்லா முகங்களையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. சார் செல்போனை நீட்டினார்.

"ஏய், பின்னாடி அந்த மொட்ட! இன்னா அங்க பாத்துகினு இருக்க? கேமராவப் பாரு!"

"திரும்புடி!" என்று நானும் கத்தினேன். யாரென்று தெரியாமலே கத்தினேன்.

அடுத்தது பஸ், பிரிஞ்சி சாதம். பஸ் வாசலில் நின்று பொட்டலம் கொடுக்கும் வேலை எனக்கு. கை நீட்டிய மஞ்சள் டி-ஷர்ட்டுகளுக்கெல்லாம் கொடுத்தேன். கீர்த்தனா வாங்கினாளா? கூட்டத்தில் வாங்கியிருப்பாள்... தலையைத் தடவாதே என்று வேறு சொல்லியிருக்கிறாளே. சார் ஏறி எண்ணினார். முடி சரி. மொட்டை பதினொன்று, சரி. "போலாம் ரைட்!"

திருவள்ளூர் தாண்டியது. பின் சீட்டில் ஜன்னல் ஓரம் ஒரு மொட்டை, கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. சட்டையெல்லாம் பிரிஞ்சி. எனக்குத் தாங்கவில்லை. எல்லாரும் அசந்திருக்கிறார்கள், யார் சிரிக்கப் போகிறார்கள்? மெதுவாகப் போய் அந்தத் தலையைத் தடவினேன்.

"தண்ணி குடிடா கண்ணு."

தலை திரும்பியது. முன் பல் இரண்டும் இல்லாத ஒரு பையன்.

"ஆன்ட்டி, நகரி வந்துட்சா?"

நகரியா? ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரியா? அவன் கழுத்தைப் பார்த்தேன். அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நகரியில் உள்ள ஒரு பள்ளி, அவன் பெயர் சரண், போன் நம்பர், எல்லாம் கொட்டை எழுத்தில். இவ்வளவு நேரம் அது அவன் நெஞ்சில்தான் தொங்கியிருக்கிறது. நாங்கள்தான் அவன் தலையை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நொடிதான் எனக்கு உறைத்தது. இவன் பதினோராவது மொட்டை என்றால், என் மகள்?

பஸ்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு முகமாகப் பிடித்துத் திருப்பினேன். இல்லை. அவ்வளவு பெரிய சென்னையில், மொட்டைத் தலையோடு, என் குழந்தை எங்கே நிற்கிறாள்? "ஐயோ, என் பொண்ணு!" என்று நான் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

"கணக்கு சரியா இருக்குதே மேடம்..." என்றார் ஏகாம்பரம் சார். அந்த நிமிஷம் அவரை நான் கடிக்காமல் விட்டது முருகன் செயல்.

சரணின் அட்டையில் இருந்த நம்பருக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். முருகா, முடியை எடுத்துக்கொண்டாயே, பிள்ளையைக் கொடுத்துவிடு என்று அந்த ஆந்திரா ரிங்டோனைக் கேட்டுக்கொண்டே அழுதேன். மூன்றாவது தடவை அந்தப் பள்ளி ஆபீஸில் ஒரு பெண் எடுத்தார். அங்கிருந்து டூருக்குப் போன சாரைக் கான்ஃபரன்ஸில் பிடித்தார்.

"மா லெக்க சரிப்போயிந்தண்டி" என்றார் அந்த சார். அதாவது, எங்கள் கணக்கு சரியாக இருக்கிறதே!

எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இப்படி என்று நினைத்துவிட்டேன்.

"லெக்கையெல்லாம் விடுங்க சார்! கீர்த்தனான்னு ஒரு பொண்ணு இருக்குதான்னு கேளுங்க!"

சலசலப்பு கேட்டது. பிறகு ஒரு குரல். "அம்மா? என்னம்மா?"

பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நகரிக்கும் எங்களுக்கும் ஒரே ரோடு. அவர்கள் பஸ் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. கனகம்மாசத்திரத்தில் ஒரு டீக்கடை ஓரம் காத்திருந்தோம். வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்ததும் எங்கள் டிரைவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஜன்னலெல்லாம் மஞ்சள் டி-ஷர்ட், பாதி மொட்டை. அதே கிருத்திகை, அதே மலை, அதே பஜார் கடை!

கீர்த்தனா இறங்கினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். முத்தம் கொடுத்த அதே வேகத்தில் முதுகில் ஒன்று வைத்தேன்.

"ஏம்மா அதுக்குள்ள வந்து நின்ன?" என்று அவள் என்மேல் பாய்ந்தாள். "இந்த சார் இன்னும் சொல்லியே முடிக்கல!"

"வேற பஸ்னு தெரியலயாடி?"

"மியூசியத்துல இந்த சார் படத்தப் பத்தி சொன்னாரு, கேட்டுகினே அவங்க பின்னாடியே ஏறிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் தெரிஞ்சுது. திருத்தணி மேலதான் போகும்னு பசங்க சொன்னாங்க. அதான் உக்காந்துகினு இருந்தேன். அங்க யாரும் என் மொட்டையப் பாத்து சிரிக்கலம்மா."

அந்த நகரி சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ஏன் சார், புதுசா ஒரு பொண்ணு உக்காந்துகினு இருக்குது. உங்களுக்குக் கண்ணு தெரியலயா?"

"தெரிஞ்சுதும்மா. புது மொகமா இருக்குது, நல்லா பதில் சொல்லுதுன்னு எந்த ஊர்னு கேட்டேன். திருத்தணின்னுச்சு. எங்க பசங்கள்ல பாதி பேருக்கு மாமா வூடு திருத்தணிதாம்மா. யாரோ சொந்தக்காரப் பொண்ணுன்னு நெனச்சுகினேன். தப்புதாம்மா, மன்னிச்சுடுங்க."

சரண் இறங்கி வந்தான். "நீ ஏண்டா எங்க பஸ்ல ஏறின?" என்றேன்.

"பிரிஞ்சி வாசன வந்துச்சு ஆன்ட்டி."

ஆக, அவர்கள் பிள்ளை எங்களிடம் சாப்பாட்டுக்கு வந்தான். எங்கள் பிள்ளை அவர்களிடம் படிக்கப் போனாள். எங்கள் பள்ளியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

மீதி வழி முழுக்க கீர்த்தனா என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தலையைத் தடவினேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். அப்படி அந்த சார் என்னதான் சொன்னார் என்று கேட்டேன்.

"அந்தப் பெரிய படம் இல்ல? வெள்ளத்துல எல்லாரும் படகுல ஏறிப் போய்டறாங்க. நாய் மட்டும் கரையில நிக்குது. படகுல ஒரே ஒரு ஆளு நாயைப் பாத்துகினு இருக்கறாங்க, யாருன்னு கண்டுபிடிங்கன்னாரு. எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எல்லாம் தப்பு. பஸ்ல வர்றப்ப நான்தான் கண்டுபிடிச்சேன். ஒரு சின்னப் பொண்ணு குனிஞ்சு தண்ணியப் பாக்குதும்மா. தண்ணியில நாயோட நெழல் இருக்குது!"

"நாயா? நாய் இருந்துச்சா அதுல?" என்றேன்.

அவள் என்னை ஏகாம்பரம் சாரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

திங்கட்கிழமை பள்ளி அவசர நடவடிக்கை எடுத்தது. என்ன நடவடிக்கை? 'மாணவர் பாதுகாப்பை முன்னிட்டு, மொட்டை அடித்த மாணவர்கள் இனி சுற்றுலாவுக்கு அனுமதிக்கப்பட மாட்டார்கள்.' நடத்துவது திருத்தணியில் பள்ளிக்கூடம்! கடலூரில் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று யாராவது போர்டு வைத்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அதற்குக் கீழேயே குரூப் போட்டோவும் வந்தது. அந்த நாயையாவது இப்போது பார்த்துவிடலாம் என்று விரலால் பெரிதாக்கினேன். ஆறு தெரிகிறது. படகு இருக்க வேண்டிய இடத்தில் தாளாளர் சிரிக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள். ஓரத்தில் ஒரே ஒரு மொட்டை மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அந்தக் கழுத்து மச்சம் தெரியும்.

பத்து நிமிஷத்தில் ஏகாம்பரம் சார் போன் செய்தார். "மேடம், அந்த போட்டோவ அட்மிஷன் நோட்டீஸ்ல போடறோம். உங்க பொண்ணு மட்டும் கேமராவப் பாக்கல. ஒண்ணும் கவலப்படாதீங்க, ஓரத்துலதான் இருக்குது, கட் பண்ணிடறோம்."

நோட்டீஸ் வந்துவிட்டது. வழவழ காகிதம், 'கலையைக் கண்டு களித்த எம் மாணவச் செல்வங்கள்'. நான் எண்ணிப் பார்த்தேன். பத்து மொட்டைதான் இருக்கிறது.

இந்த முறை யாரும் தேடவில்லை.