மூன்றாவது பாட்டில் இன்னொரு குரல்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது இருட்டில் நடக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலு மணி, ஜன்னலில் நல்ல வெயில். நடந்தது என்னோடு வேலை பார்க்கிறவளுக்கு. உங்கள் காதில் பூச்சுற்றி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பல் செட் செய்யும் பட்டறை எங்களுடையது. அவளுக்கு மெழுகு வேலை. ஈறு நிறத்து மெழுகில் ஒவ்வொரு பல்லாக ஊன்றி வைப்பாள். நாள் முழுக்க வாய்களோடுதான் பிழைப்பு, ஆனால் அவளோடு பேச ஒரு வாய் கிடையாது. இதைத் தான் சேர்ந்திருந்த ஒரு ரசிகர் கூட்டத்தில் சொல்லப்போய், ‘பல்லி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு ஒரே பூரிப்பு. அம்மா போன பிறகு யாரும் அவளைச் செல்லமாகக் கூப்பிட்டதில்லை.

அந்தக் கூட்டம் மொத்தமே ஐந்து பேர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. எல்லோருக்கும் ஒரே பாடகி மேல் பைத்தியம். அவளுடைய புது ஆல்பம் வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் போனில் கூடுவார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணி, அவரவர் வீட்டில் ஒரே நொடியில் பாட்டைப் போடுவார்கள். மைக்கை யாரும் அணைக்கக் கூடாது. அடுத்தவர் சிரிப்பும் பெருமூச்சும் கேட்டால்தான் சேர்ந்து கேட்டதாகக் கணக்கு.

அப்புறம் ஆரம்பிக்கும் ஆராய்ச்சி. அட்டைப்படத்தில் பாடகிக்கு நாலு விரலில்தான் நகச்சாயம், ஆகவே நாலாவது பாட்டு பழைய காதலனைப் பற்றியது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் ‘வக்கீல்’ என்பவனை மிஞ்ச ஆளில்லை. ‘குயில்’ என்று ஒருத்தி. பாட வராது, அதனால் அந்தப் பெயர்.

முதலில் கவனித்தவள் பல்லிதான். மூன்றாவது பாட்டில், பாடகியின் குரலுக்கு அடியில், இன்னொரு பெண் முனகினாள். இழையளவு பின்தங்கி.

“கேட்டீங்களா?” என்றாள் பல்லி.

“கேட்டுச்சு! ஐயோ, எனக்குப் புல்லரிக்குது. அடி பல்லி, இத்தனை நாள் எங்கடி இருந்தே நீ?” என்றாள் குயில்.

அன்று முழுக்க பல்லி கண்டுபிடித்த அந்தக் குரல் பேச்சுதான். பாடகி சின்ன வயதில் பறிகொடுத்த அக்காவின் குரலாம் அது. வக்கீல் தீர்ப்பே சொல்லிவிட்டான். மறுநாள் பட்டறையில் பல்லி மெழுகைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு முனகல் ராகமாகியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு வார்த்தைகள் வந்துவிட்டன...

உங்களையும் என்னையும் போன்றவர்கள் அங்கேயே பயந்திருப்போம். பதிவான பாட்டு எப்படி மாறும்? ரசிகர்களுக்குப் புத்தி அப்படிப் போகாது. “நமக்காகத்தான் ரகசியமா பாட்டை மாத்தி மாத்திப் போடுறாங்க!” என்று கூத்தாடினார்கள்.

நாலாவது ஞாயிறு குயில்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“நேத்து நான் தனியா கேட்டேன். அந்தக் குரல் இல்ல.”

வக்கீல்தான் ஒரு சோதனை சொன்னான்.

“பாட்டு போடலாம். ஒவ்வொருத்தரா மைக்கை அணைங்க.”

மூன்றாவது பாட்டு ஓடியது. குயில் அணைத்தாள். குரல் இருந்தது. இன்னும் இருவர் அணைத்தார்கள். இருந்தது. பல்லி அணைத்தாள்.

“நின்னுடுச்சு,” என்றான் வக்கீல்.

பல்லிக்கு மட்டும் நிற்கவில்லை.

“நான் இல்ல,” என்றாள், மைக்கைத் திறந்து.

“அப்போ பக்கத்துல யாரு?”

“யாருமில்ல. சத்தியமா தனியாத்தான் இருக்கேன்.”

“எங்களை முட்டாளாக்கிட்டியேடி,” என்றாள் குயிலும் மைக்கைத் திறந்து. அழுகிற குரல்.

பல்லி முதலில் பயந்தது அதற்குத்தான், பேய்க்கு இல்லை. இந்த நாலு பேரும் போய்விட்டால் அவளுக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்? எப்படியாவது தான் பொய் சொல்லவில்லை என்று காட்ட வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஹெட்போனைக் கழற்றினாள்.

பாடகியின் குரல் அடங்கியது.

மற்றது அடங்கவில்லை.

அறைக்குள்தான். முதுகுக்குப் பின்னால். கட்டில் பக்கம்.

கிறீச்...

யாரோ கட்டிலிலிருந்து எழுந்த சத்தம்.

பாட்டு நெருங்கியது. காதோரம்.

மூச்சே இல்லை...

பாட்டு மட்டும்.

செருப்புகூட இல்லாமல் ஓடி வந்து என் வீட்டுக் கதவை இடித்தாள். “அக்கா” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். உள்ளே வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

மறுநாள் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரோடு நான்தான் போய்ப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. மேஜையில் போனும் இல்லை, ஹெட்போனும் இல்லை. திறந்த வீடு, எவனோ அள்ளிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தேன். அவள் சாமான்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஒரு மாதத்துக்கு மேல் அவள் யாரையும் கூப்பிடவில்லை. பயம் பாதி, அவமானம் பாதி. ஆனால் தினமும் ஒரே புலம்பல். “அவங்க என்னைத் தேடியிருப்பாங்கல்ல, அக்கா?”

“கூப்பிட்டுத்தான் பாரேன், உன்னைக் கடிச்சா தின்னுடப் போறாங்க?” என்று ஒரு ஞாயிறு என் போனைக் கொடுத்தேன். குயிலின் எண் அவளுக்கு மனப்பாடம். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“குயிலு, நான்தான், பல்லி. அன்னிக்குச் சொல்லாம கொள்ளாம போயிட்டேன். மன்னிச்சிடு.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “யாருங்க நீங்க? பல்லி இப்போ எங்களோட லைன்ல இருக்கா.”

“இல்ல, நான்தான்...”

“விளையாடாதீங்க. அவ ஒரு ஞாயிறுகூடத் தவறினதில்ல. சண்டை போட்ட அன்னிக்கே, கொஞ்ச நேரத்துல வந்து மன்னிப்பு கேட்டுட்டா. இப்பல்லாம் என்னமா பாடுறா தெரியுமா?”

அப்போது குயிலுக்குப் பின்னாலிருந்து, அவர்கள் கூடியிருந்த இன்னொரு போனின் ஸ்பீக்கரிலிருந்து, ஒரு குரல் வந்தது. என் எதிரே பல்லி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனால் அது அவள் குரல்தான்.

“வச்சிடு குயிலு. பாவம், தனியா இருக்கிறவங்க யாராவதா இருக்கும்.”